கணக்கு நோட்டைத் தாமே படிக்கும் வரை: மீட்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பங்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் முறை

செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ மரம் வெட்டும் இடத்திலிருந்தோ கொத்தடிமைகளாக மீட்கப்பட்டு ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்த விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை; தமிழில் பிழையின்றி எழுதவும் படிக்கவும் தெரிந்து, வாரத்தில் ஐந்து மாலைகளை ஓராண்டுக்கு ஒதுக்க முடிந்தால் போதும். வட தமிழகத்தில் ஒரு குடியிருப்பில் ஏழு ஆண்டுகள் இத்தகைய வகுப்பை நடத்தியபோது கற்றுக்கொண்டவையும், முதல் இரண்டு ஆண்டுகளில் தவறாகச் செய்து பின்னர் திருத்திக்கொண்டவையும் இதில் உள்ளன.

கொத்தடிமைத்தனம் என்றதும் விலங்கும் சாட்டையும் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தக் குடியிருப்பின் மக்கள் எனக்கு விவரித்ததில் திரும்பத் திரும்ப வந்தது ஒரு கணக்கு நோட்டு. மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் குடும்பத்துக்கு, சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வழியாக முன்பணம் வருகிறது. மழை ஓய்ந்து சூளை தொடங்கியதும் கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாகக் கல் அறுத்து, அதாவது ஈரக் களிமண்ணை அச்சில் அடித்துச் செங்கல் செய்து, அந்தப் பணத்தைக் கழிக்க வேண்டும். அறுத்த கல்லின் எண்ணிக்கை, வாரச் செலவுக்குக் கொடுத்த தொகை, எதிர்பாராத மழையில் கரைந்த கல்லுக்கான பிடித்தம் எல்லாம் நோட்டில் ஏறும். நோட்டு முதலாளியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ இருக்கும். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில் "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று சொல்லப்படும்போது, அதை மறுப்பதற்கு அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு தாள்கூட இருக்காது. பாக்கி தீரும்வரை வேறிடத்துக்குப் போகக் கூடாது என்பதால் மறு ஆண்டும் அதே சூளை, அதே நோட்டு.

இந்த நிலையைச் சட்டம் எப்போதோ ஒழித்துவிட்டது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறி, 1975 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன் 6-ஆம் பிரிவு கொத்தடிமைக் கடன் அனைத்தையும் இல்லாமல் ஆக்குகிறது. அப்படி இல்லாமல் போன கடனுக்காக ஒரு ரூபாய் வாங்கினாலும் 9-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை 15-ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட சட்டம் இருந்தும் நோட்டு நிலைத்திருப்பதற்கு, அந்தச் சட்டத்தையும் அந்த நோட்டையும் ஒருசேரப் படிக்க முடியாத நிலையில் தொழிலாளி வைக்கப்பட்டிருப்பது ஒரு முக்கியமான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

அடிமைகளை வைத்திருந்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். வட அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1740-இலேயே அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுண்டு அபராதம் என்று சட்டம் இயற்றப்பட்டது. பால்டிமோர் நகரில் சிறுவனாக இருந்த பிரெடெரிக் டக்ளஸுக்கு வீட்டுத் தலைவி எழுத்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது, படிப்பு அவனை அடிமையாக இருக்கத் தகுதியற்றவன் ஆக்கிவிடும் என்று கணவர் தடுத்துவிட்டார். அந்த மறுப்பிலிருந்தே எழுத்தின் மதிப்பைப் புரிந்துகொண்ட சிறுவன், தெருவில் விளையாடிய வெள்ளையினச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்துப் பாடம் கேட்டான். 1838-இல் அவர் தப்பினார். பின்னர் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளர் ஆனார். நம் நாட்டில் நிலைமை வேறு விதமாக அமைந்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமையை உடைமையாகக் கருதும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று கூறிய பிறகும், பண்ணையாளும் படியாளும் கடன் என்ற பெயரில் பிணைக்கப்பட்டே இருந்தார்கள். எழுத்தைத் தடுக்க இங்கே புதிதாக ஒரு சட்டம் எழுத வேண்டியிருக்கவில்லை. சாதியும், ஆண்டில் பாதி நாள் குடும்பத்தை ஊரை விட்டு இழுத்துச்செல்லும் சூளைப் பருவமும் அந்த வேலையைச் செய்து முடித்தன.

ஆகவே வகுப்பின் குறிக்கோளை நான் மிகக் குறுகலாக வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு மாத முடிவில், கற்பவர் தம்மைப் பற்றி எழுதப்பட்ட எந்தத் தாளையும் பிறர் துணையின்றிப் படிக்க வேண்டும். தாம் தர வேண்டியதையும் தமக்கு வர வேண்டியதையும் தாமே கணக்கிட வேண்டும். கதையும் பாட்டும் செய்தித்தாளும் அதன் பின்னே தானாக வரும்.

தொடங்குவதற்கு முன்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை மீட்கப்பட்டு வெளியே வந்தவர்களுக்கானது. இன்னும் சூளைக்குள் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்களை நீங்கள் அறிய நேர்ந்தால், அங்கே போய் வகுப்பு தொடங்கவோ முதலாளியிடம் நியாயம் கேட்கவோ முயல வேண்டாம். கேள்வி எழுந்த அன்றிரவே குடும்பங்களை வேறு மாவட்டத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இடம், குடும்பங்களின் எண்ணிக்கை, முன்பணம் வாங்கியதாகத் தெரிவது, வெளியே போக விடாமல் தடுப்பது ஆகியவற்றை எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் புகாராகக் கொடுங்கள். விசாரிப்பதும் விடுவிப்பதும் அவர்களுடைய சட்டக் கடமை. குழந்தைகள் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

வகுப்புக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, குடியிருப்பு மக்கள் எவரிடமும் அனுமதி கேட்காமல் உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள். ஊர்ப் பொது மண்டபம் வசதியாகத் தெரியலாம். ஆனால் அந்தத் திண்ணையில் ஏறத் தயங்கியே வளர்ந்தவர்களிடம் அங்கே வந்து படிக்கச் சொல்வது, படிப்புக்கு முன்னால் ஒரு சுவரை எழுப்புவதாகும். புளியமரத்தடியோ, ஒரு வீட்டு முற்றமோ, அங்கன்வாடிக் கூடமோ போதும். நேரம் இரவு ஏழிலிருந்து எட்டரை வரை. எல்லோரும் பாயில் உட்கார்ந்தால் நீங்களும் பாயில் உட்காருங்கள். உங்களுக்கு மட்டும் நாற்காலி கொண்டுவந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

விளிக்கும் முறையை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். சூளையில் அறுபது வயதுப் பெரியவரையும் "டா" என்று அழைத்திருப்பார்கள். அவருடைய பெயரையே பல மாதங்கள் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனவே உங்கள் வகுப்பில் பெரியவர்களை ஐயா, அம்மா, அண்ணே, அக்கா என்று உறவு சொல்லி, "வாங்க, உட்காருங்க" என்றே பேசுங்கள். வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது முழுப் பெயரையும் உரக்கப் படியுங்கள். ஒரு மூதாட்டி முதல் வாரம் முழுவதும் தம் பெயர் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடியே "இருக்கேன்" என்று சொல்வதற்கு அவருக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. அந்தப் பதினைந்து நாளில் அவர் ஓர் எழுத்தும் கற்கவில்லை. ஆனாலும் அந்த நாள்கள் வீணானவை என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து, கண். நாற்பதைத் தாண்டியவர்கள் "எனக்கு ஏறாதுங்க, மூளை மழுங்கிப்போச்சு" என்று சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். முதல் ஆண்டில் என் வகுப்பிலிருந்து நின்றுபோன ஆறு பேரில் நான்கு பேருக்கு அருகில் உள்ள எழுத்தைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்பட்டது என்பதை, மறு ஆண்டு கண் முகாம் வந்தபோதுதான் அறிந்தேன். வெயிலும் புகையும் சூளைத் தூசியும் பட்ட கண்கள் அவை. ஆதலால் வகுப்பைத் தொடங்கும் முதல் மாதத்திலேயே அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். கைகளையும் கவனியுங்கள்: ஈரக் களிமண்ணை அச்சில் அடித்தே காய்த்துப்போன விரல்களுக்கு மெல்லிய பென்சில் பிடிபடாது. பரப்பிய மணலில் விரலால் எழுதுவது, பின்பு தடித்த சாக்பீஸ், பின்பு சிலேட்டு, கடைசியில் பேனா என்ற வரிசை எங்களுக்கு நன்றாக உதவியது.

முதலில் எண், பிறகு எழுத்து

வழக்கமாக அ, ஆ என்று தொடங்குவோம். நான் எண்ணிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. எழுதத் தெரியாத இவர்களுக்குக் கணக்கு தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை கல், ஒரு வரிசைக்கு எத்தனை, ஒரு வண்டிக்கு எத்தனை என்று மனத்துக்குள் சரியாகக் கூட்டிச் சொல்வார்கள். இல்லாதது எண்ணின் எழுத்துருவமும், இடமதிப்பும், எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கமும்தான். ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கும்போது, தாம் ஒன்றும் அறியாதவர் என்ற எண்ணம் முதல் நாளிலேயே தளர்ந்துவிடுகிறது.

0 முதல் 9 வரை ஒரு வாரம். பத்து, நூறு, ஆயிரம் ஆகிய இடமதிப்புகள் இரண்டு வாரம். இடமதிப்பை விளக்கச் சிறு கற்களும் பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தாள்களும் போதும். 5,000 என்பதும் 50,000 என்பதும் எங்கே வேறுபடுகின்றன என்பதில் அதிக நேரம் செலவிடுங்கள். ஒரே ஒரு சுழியால் ஒரு குடும்பம் பல ஆண்டுகள் கட்டுண்டு கிடக்க முடியும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஆறாவது வாரத்தில் இந்தக் கணக்கைத் தரையில் எழுதுங்கள். கூலியும் கல்லின் எண்ணிக்கையும் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் சொல்லும் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி வாங்கிய முன்பணம் 30,000 ரூபாய். நாளொன்றுக்கு 1,000 கல் வீதம் வாரத்தில் ஆறு நாள் அறுக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்குக் கூலி 700 ரூபாய் என்றால் வாரக் கூலி 4,200 ரூபாய். அதில் வாரச் செலவுக்கு 1,500 ரூபாய் கையில் வாங்கிவிடுகிறார்கள். மீதி 2,700 ரூபாய் முன்பணத்தில் கழிய வேண்டும். பதினொரு வாரத்தில் 29,700 ரூபாய் கழிந்துவிடும். பன்னிரண்டாம் வாரத்தில் 300 ரூபாய்தான் பாக்கி. சூளைப் பருவமோ இருபத்து நான்கு வாரம்.

இதை நான் முதன்முறையாக எழுதிக் காட்டிய இரவில் யாரும் பேசவில்லை. ஐந்து பருவம் ஒரே சூளையில் அறுத்த ஒரு பெண் எழுந்து வந்து, கூட்டலை மறுபடியும் கூழாங்கற்களை வைத்துச் செய்து பார்த்தார். பிறகு "அப்ப மாசி கடைசியிலேயே முடிஞ்சிருக்கணும்" என்றார். அவருடைய கணவர் மழையில் கரைந்த கல்லுக்குப் பிடித்ததைச் சொன்னார், அதையும் கழித்தோம். மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய தொகையைச் சொன்னார், அதையும் கழித்தோம். எல்லாவற்றையும் கழித்த பிறகும் பங்குனி தாண்டிக் கடன் போகவில்லை. அன்று வகுப்பு பதினொரு மணிவரை நடந்தது. அதன் பிறகு அந்தத் தம்பதியர் ஒரு மாலைகூட வராமல் இருந்ததில்லை.

இந்தப் பாடத்தை நடத்தும்போது கவனமாக இருங்கள். தாம் இத்தனை ஆண்டுகள் ஏமாற்றப்பட்டோம் என்று உணர்வது மனிதரை உடைக்கவும் கூடும். "தெரியாமப் போச்சே" என்று தம்மையே நொந்துகொள்பவரிடம், நோட்டைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தவர் செய்தது குற்றம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை அன்றே படித்துக் காட்டுங்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்ததையும் சொல்லுங்கள். சட்டம் தங்கள் பக்கம் நிற்கிறது என்பதைக் கேட்டு, நம்பாமல் என்னைப் பார்த்த முகங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

எழுத்துக்கு வருவோம். தமிழின் 247 எழுத்துகளையும் வரிசையாகக் கற்பிக்க முயன்றால் மூன்றாவது மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆன ட, ப, ம ஆகியவற்றில் தொடங்குங்கள். துணைக்காலும் புள்ளியும் சேர்ந்தவுடன் "பட்டா" என்ற சொல் கிடைத்துவிடுகிறது. குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லாதவர்களுக்கு அதைவிட நல்ல முதற்சொல் கிடையாது. அடுத்து க, ன வந்ததும் "கடன்". ல வந்ததும் "கல்". ண வந்ததும் "பணம்", "மண்". ஒவ்வொரு சொல்லையும் எழுதுவதற்கு முன் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச விடுங்கள். பிரேசில் நாட்டின் கல்வியாளர் பாவ்லோ பிரெயிரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் முந்நூறு தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்ததும், அவர்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்த சொற்களைப் பேசவைத்துப் பின் பிரித்துக் காட்டிய இந்த முறையில்தான். உயிர்மெய் எழுத்துகளைச் சொற்களின் வழியே அறிமுகப்படுத்திவிட்டு, ஐந்தாவது மாதத்தில் மொத்த அட்டவணையைச் சுவரில் மாட்டுங்கள். அப்போது அது பயமுறுத்தாது, ஏற்கெனவே தெரிந்த எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் இடமாகிவிடும்.

கையெழுத்தைப் பற்றி

பல வகுப்புகள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பதையே முதல் வெற்றியாகக் கொண்டாடுகின்றன. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வருவதில் உள்ள பெருமிதத்தை நானும் அறிவேன். ஆயினும் படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், கைநாட்டு வைப்பவரைவிடக் கூடுதலான ஆபத்தில் இருக்கிறார். "படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டாய்" என்று பின்னாளில் அவரிடம் சொல்ல முடியும். எனவே ஒரு சிறு பழக்கத்தைக் கையெழுத்தோடு சேர்த்தே கற்பியுங்கள்: எந்தத் தாளிலும் தொகை எங்கே, தேதி எங்கே, யார் யார் பெயர் என்ற மூன்றையும் விரலால் தொட்டுப் படித்த பிறகே பேனாவைத் திறக்க வேண்டும். வெற்றுத்தாளிலும், தொகை நிரப்பாத புரோநோட்டிலும் எக்காரணத்தைக் கொண்டும் கையெழுத்திடக் கூடாது. இதற்காகவே நான் பழைய தாள்கள் பலவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் சிலவற்றில் வேண்டுமென்றே தொகையை விட்டுவிட்டுக் கொடுப்பேன். அதைக் கண்டுபிடித்து, "இதுல போட மாட்டேன்" என்று திருப்பித் தந்தவருக்குத்தான் அன்றைய பாராட்டு.

சான்றிதழே பாடநூல்

மீட்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ வழங்கிய விடுவிப்புச் சான்றிதழ் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது மடித்து, தகரப் பெட்டியின் அடியில், படிக்கப்படாமலேயே கிடக்கும். ஏழாவது மாதத்திலிருந்து அதையே பாடநூலாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லோருடைய சான்றிதழையும் மூன்று படிகள் எடுத்து, மூலத்தை நெகிழி உறையில் இட்டுத் திருப்பிக் கொடுங்கள். மூலத்தை நீங்கள் ஒருநாளும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பிறகு ஒரு மாலைக்கு ஒரு வரி என்று படியுங்கள். அலுவலக நடையில் எழுதப்பட்ட அந்த நீண்ட வாக்கியங்கள் கடினமானவைதான். ஆனால் "கடன் ரத்து செய்யப்படுகிறது" என்ற வரியைத் தம் வாயால் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அந்தக் கடினம் ஒரு பொருட்டாக இருப்பதில்லை.

இப்படிப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், இளம் தாய் ஒருவர் தம் குடும்பப் பட்டியலில் இருந்த பெயர்களை விரல் வைத்து எண்ணினார், மீண்டும் எண்ணினார். நான்கு பேர் வேலை செய்த குடும்பத்தில் மூன்று பெயர்களே இருந்தன. பன்னிரண்டு வயது மூத்த மகளின் பெயர் விடுபட்டிருந்தது. மறுவாழ்வுத் தொகை தனித்தனி ஆளுக்கு வழங்கப்படுவது என்பதால் அந்த ஒரு பெயர் சிறிய விஷயம் ஆகாது. நடுவண் அரசின் தற்போதைய மறுவாழ்வுத் திட்டப்படி, விடுவிக்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், முழு மறுவாழ்வுத் தொகையாக வயதுவந்த ஆணுக்கு 1 இலட்சமும், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 இலட்சமும், கடத்தல் அல்லது பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு 3 இலட்சமும் என்று வகுக்கப்பட்டுள்ளது. இரண்டு ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த அந்தத் தாளில், பிழையைக் கண்டுபிடித்தவர் அந்தத் தாயேதான்.

அதுவே எங்களுக்கு மனு எழுதும் பாடம் ஆயிற்று. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு என்ற அமைப்பைப் பலகையில் எழுதினேன்; செய்தியை அந்தத் தாயே சொல்லி, சொந்தக் கையால் எழுதினார். எழுத்துப் பிழைகள் இருந்தன. பெயர், தேதி, சான்றிதழ் எண் ஆகிய மூன்றில் இருந்த பிழைகளை மட்டும் திருத்தச் சொன்னேன். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அவரே கொடுத்து, ஒப்புகை ரசீதை வாங்கி வந்தார். நான் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தேன். உங்களுக்கும் இதையே சொல்வேன்: உடன் போங்கள், ஆனால் பேசாதீர்கள். நீங்கள் முன்னால் நின்று பேசினால் அலுவலர் உங்களிடம்தான் பதில் சொல்வார். மேஸ்திரி நின்ற இடத்தில் நீங்கள் நிற்பதாக ஆகிவிடும். மகளின் பெயரைச் சேர்த்த ஆணை வர ஏழு மாதமும் மூன்று நினைவூட்டல் மனுக்களும் ஆயின. மூன்றையும் அவரே எழுதினார்.

வங்கிக் கணக்குப் புத்தகம், குடும்ப அட்டை, நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றையும் இதே வகையில் படியுங்கள். அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. சான்றிதழைப் படித்தவருக்கு அவை எளியவை.

பிள்ளைகள்

குழந்தைகளை உங்கள் மாலை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அவர்களுடைய இடம் பள்ளிக்கூடம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த உரிமையைத் தருகிறது. இதில் மூன்று பிரிவுகளை நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 4-ஆம் பிரிவின்படி, பள்ளிக்கே போகாத பதினொரு வயதுச் சிறுமியையும் அவள் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். பின்தங்கியதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி பெறுவது அவளுடைய உரிமை, பதினான்கு வயதைத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை இலவசக் கல்வி உண்டு. 14-ஆம் பிரிவின்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 15-ஆம் பிரிவின்படி, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. ஒரு பள்ளியில் எங்களைப் பிறப்புச் சான்றிதழோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 14-ஆம் பிரிவைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் பணிவோடு காட்டியபோது அன்றே சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தலைமையாசிரியருக்குத் தீய நோக்கம் இல்லை. வழக்கத்தைச் சட்டம் என்று நினைத்திருந்தார்.

பதினொரு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைப்பது மிகப் பெரிய கொடுமை. அப்படி உட்காரவைக்கப்பட்ட சிறுவன் ஒருவன் நான்காம் நாள் ஓடிவிட்டான். அவனை மீண்டும் பள்ளி வாசலுக்கு அழைத்துவர ஓராண்டு ஆயிற்று. சிறப்புப் பயிற்சியை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான், அங்கன்வாடியில் அந்தக் குழந்தையைச் சேர்த்ததும் அக்காள் பள்ளிக்குப் போய்விடுவாள். இருளர் குடும்பங்களுக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் பெற்றுத்தருவதை ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புவரை காத்திருந்து, உதவித்தொகையும் கல்லூரி இடமும் தவறிப்போனவர்களை நான் அறிவேன்.

சூளையில் வளர்ந்த குழந்தை நள்ளிரவில் எழுந்து மண் குழைத்த குழந்தை. வகுப்பில் தூங்கினால் தூங்க விடச் சொல்லி ஆசிரியரிடம் பேசுங்கள். நடந்ததைச் சொல்லும்படி குழந்தையைக் கேட்காதீர்கள். பார்வையாளர்கள் முன் நிறுத்திப் பேசவைக்கவும், படம் எடுக்கவும் அனுமதிக்காதீர்கள். தன் கதையை யாரிடம், எப்போது சொல்வது என்பதை முடிவுசெய்வது அந்தக் குழந்தையின் உரிமை.

ஐப்பசியும் கார்த்திகையும்

வகுப்பை எந்த மாதத்தில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். மழையில் வயல் வேலை நின்று, வீடு ஒழுகி, அரிசிக்கே திண்டாடும் அந்த நாள்களில்தான் மேஸ்திரி வருவார். மீட்கப்பட்ட குடும்பம் மீண்டும் கொத்தடிமைக்குள் விழுவது அந்த எட்டு வாரங்களில்தான். எழுத்து மட்டும் பசியைத் தாங்காது என்பதை நாம் மறைக்கக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பரவியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். எழுத்தோடு பிழைப்பும் சேர்ந்ததால்தான் அங்கே அது வேரூன்றியது. உங்களால் குவாரி எடுத்துத் தர முடியாமல் இருக்கலாம். நூறு நாள் வேலை கேட்டு ஆவணியிலேயே மனுக் கொடுக்க வைக்கவும், வாரம் ஐம்பது ரூபாய் போட்டுச் சேமிக்கும் மழைக்கால நிதியொன்றைக் கற்பவர்களே நடத்தும்படி செய்யவும் முடியும். அந்த நிதியின் வரவுசெலவை எழுதுவதும் பாடமே. யார் எழுதுவது என்பதை மாதம் ஒருவராக மாற்றுங்கள்.

வேலைக்கு வெளியூர் போகவே கூடாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. போகிறவர்களுக்குச் சொந்தமாக ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். இடது பக்கத்தில் தேதியும் அறுத்த கல்லும், வலது பக்கத்தில் வாங்கிய பணம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டல். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பட்டும். எந்த நாளும் வெளியே போகத் தடையில்லை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், கணக்குக் கேட்டால் காட்டுகிறார்கள் என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் ஊரில் இருப்பவர் உடனே கோட்டாட்சியருக்குப் புகார் எழுத வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்புக்கு நான்காம் ஆண்டு கார்த்திகையில் ஒரு மேஸ்திரி வந்தார். மழையால் நாங்கள் அங்கன்வாடிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். முப்பதாயிரம் தருவதாகவும், தை பிறந்ததும் வண்டி வரும் என்றும் வாசலில் நின்றே சொன்னார். கூழாங்கற்களை வைத்துக் கூட்டிப் பார்த்தாரே, அந்தப் பெண் தம் நோட்டைத் திறந்தார். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, வாரச் செலவு எவ்வளவு, மழைக்கு என்ன பிடித்தம், நோட்டு யார் கையில் இருக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். மூன்று கேள்விக்குப் பதில் வந்தது. நான்காவதற்கு, "அதெல்லாம் எப்பவும்போல ஓனர்கிட்டதான்" என்றார் மேஸ்திரி. அந்தப் பெண் எழுதியதைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவரும் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். நோட்டு பாயைச் சுற்றி வந்து மீண்டும் அவரிடம் சேரும்வரை மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார்.